கதவில் போடாத பெயர்

எங்கள் குடும்பப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த வாரமே யாராவது வந்து என் வீட்டு மணியை அடிக்கலாம். அவ்வளவு அரிதான பெயர். இங்கிலாந்துக்காரரின் பெயர்தான் அது. ஆனால் இங்கிலாந்துக்காரரிடம் சொன்னால் அவர்களே இரண்டாந்தரம் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் அதை வைத்திருந்தது ஒரே குடும்பம், நாங்கள் மட்டும்.

அப்பாவின் பாட்டனார் சின்ன வயதில் மிஷன் விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டவர். அந்தக் காலத்தில் கடலுக்கு அப்பால் இருந்த தர்மவான்கள் ஒவ்வொரு பிள்ளையின் சாப்பாட்டையும் படிப்பையும் பொறுப்பேற்றார்கள். பதிலுக்கு அந்தப் பிள்ளைக்குத் தங்கள் பெயரை வைக்கும்படி கேட்டார்கள். பாட்டனாருக்கும் அப்படித்தான் ஞானஸ்நானத்தோடு முன்பின் தெரியாத ஒருவரின் குடும்பப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. தந்தவரின் முகத்தை அவர் சாகும் வரை கண்டதில்லை.

ஆனால் எங்களிடம் தமிழ் வழக்கமும் இருந்தது. எல்லாரையும் போல நானும் என் பெயரோடு தகப்பனின் சொந்தப் பெயரைச் சேர்த்து எழுதுவேன். கோயில் பதிவேட்டிலும், பிறப்புச் சான்றிதழிலும், அப்பாவின் அடையாள அட்டையிலும் இங்கிலீஷ் பெயர் இருந்தது. பள்ளிக் கொப்பியிலும் ஊர் வாயிலும் அப்பாவின் தமிழ்ப் பெயர் இருந்தது. ஒரே வீட்டில் இரண்டும் சண்டை சச்சரவில்லாமல் புழங்கின. இதில் விளக்கம் சொல்ல ஏதோ இருக்கிறது என்று எங்களுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்தப் பெயருக்காக அப்பா செய்த காரியம் ஒன்று எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறந்ததும் பெயர் தந்தவரின் குடும்பத்துக்கு நத்தார்க் கடிதம், அதாவது கிறிஸ்துமஸ் வாழ்த்து, எழுதவேண்டும். பாட்டனார் காலத்தில் தொடங்கிய வழக்கம். எட்டு வயதிலிருந்து அது என் தலையில் விழுந்தது. அப்பா இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, நான் கோணாமல் எழுதவேண்டும். "கடவுள் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாயிருக்க வேண்டுகிறோம்" என்றுதான் எப்போதும் முதல் வரி. ஸ்டூடியோவில் எடுத்த படமொன்றும் கூடப் போகும், பின்பக்கத்தில் எங்கள் முழுப் பெயர்களோடு. அதையும் நான்தான் எழுதவேண்டும். உறையின் மேல் விலாசத்தை மட்டும் அப்பா தன் கையால் எழுதுவார்.

ஒரு பதிலும் வந்ததில்லை. ஒரு வாழ்த்து அட்டைகூட இல்லை. பதினாறு வயதில் நான் பேனையைத் தூக்கி எறிந்துவிட்டு, "அவங்கள் எங்களைத் திரும்பியும் பாக்கிறாங்கள் இல்லை. இனி இந்தப் பிச்சைக் கடிதம் நான் எழுதமாட்டன்" என்றேன். அம்மா அப்போது உயிரோடு இல்லை, அதட்டவும் ஆளில்லை. அப்பா பேனையைக் குனிந்து எடுத்துத் துடைத்தார். அதற்குப் பிறகு தானே எழுதினார்.

அதே பெயர்தான் எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடியில் கொழும்பில் எங்கள் உயிரைக் காத்தது. தமிழரைத் தேடித் தெருவில் எங்களை மறித்தவர்கள் அப்பாவின் அடையாள அட்டையைப் பிடுங்கிப் பார்த்தார்கள். "பறங்கியா?" என்று, வெள்ளைக்காரர் வழிவந்த கலப்பினமா என்று, சிங்களத்தில் கேட்டார்கள். அப்பா, பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று நம்புகிற மனிதர், ஆம் என்று தலையை ஆட்டினார். எங்களைப் போகவிட்டார்கள். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அப்படியொரு பெயர் இல்லை. அதற்கு மேல் இதைப்பற்றி எழுத என்னால் முடியாது.

எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லின் வழியாக ரயிலிலும் கப்பலிலும் நான் டென்மார்க் வந்து சேர்ந்தேன். தனியாகத்தான் வந்தேன். கையில் இருந்த கடவுச்சீட்டு யாருடையதோ. அகதி முகாமில் என்னைப்போல நிறையப் பேர். பொலிஸ் விசாரணைக்கு முதல்நாள், எங்களுக்கு முன்னால் வந்து எல்லாம் தெரிந்தவர்போல் நடமாடிய ஓர் அண்ணை என்னைக் கூப்பிட்டு இருத்தினார்.

"தங்கச்சி, நான் சொல்லுறதைக் கேளும். உந்த வெள்ளைக்காரப் பேரை இவங்களுக்குச் சொல்லிப் போடாதையும்."

"ஏன் அண்ணை? அது எங்கடை பேர்தானே."

"பேர்தான், ஆர் இல்லையெண்டது? ஆனா அவன் என்ன கேப்பான்? நீ தமிழே இல்லை, பறங்கி, உனக்கு அங்கை என்ன பிரச்சினை எண்டு கேப்பான். தேப்பன்ரை பேரைச் சொல்லிப்போட்டு பேசாமல் இரும். இங்கிலீசும் தெரியாத மாதிரி இரும்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் தமிழரில்லை என்று அந்தப் பெயர் சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். இந்த நாட்டில் நான் தமிழச்சியாக இருந்தால்தான் பிழைப்பு. அப்படியிருக்க அதை ஏன் வாயால் எடுப்பேன்?

அடுத்தநாள் மொழிபெயர்ப்பாளர் ஊடாக அதிகாரி கேட்டார்: "குடும்பத்தில் யாருக்காவது வேறு பெயர் உண்டா?" இல்லை என்றேன். "தகப்பனுக்கு?" இல்லை. "நிச்சயமாக?" நிச்சயமாக. மூன்று தரம். பேதுருவைப்போல மறுதலித்தேன், கோழிதான் கூவவில்லை. கடைசியில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

வதிவிட அனுமதி கிடைத்தது. மேற்குக் கரைத் துறைமுக நகரமான எஸ்பியர்க்கில் ஒரு சின்ன வீட்டை ஒதுக்கிக் கொடுத்தார்கள். காலையில் பாஷைப் பள்ளிக்கூடம், மத்தியானம் மீன் தொழிற்சாலை. ஹெர்ரிங் மீனைக் கீறிக் கீறிக் கையில் ஏறிய வாடை எந்தச் சவர்க்காரத்துக்கும் மசியாது. கட்டடத்தைப் பார்த்துக்கொண்டவர் என் கதவில் ஒரு பித்தளைத் தகடு அடித்தார். இந்த நாட்டில் கதவில் பெயர் இல்லாவிட்டால் தபாற்காரன் கடிதம் போடமாட்டான். தகட்டில் என் பெயரும் அப்பாவின் பெயரும் இருந்தன. மற்றப் பெயர் இல்லை. வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கத் திறப்பை எடுக்கிறபோதெல்லாம் அந்தத் தகடு என் முகத்தைப் பார்த்து, கள்ளி என்று சொல்வதுபோல் இருக்கும்.

எண்பத்தாறில் யாழ்ப்பாணத்தில் ஷெல் அடி கூடியது. அப்பாவுக்கு அறுபத்தேழு வயது, தனி ஆள். அறுபது தாண்டிய பெற்றோரைக் கூப்பிடச் சட்டத்தில் இடம் இருந்தது. எங்கள் ஓட்டு வீட்டைப் பூட்டிச் சாவியைப் பாதிரியாரிடம் கொடுத்துவிட்டு, கொழும்புக்குப் போய் விண்ணப்பம் கொடுங்கள் என்று எழுதினேன். போனார். கொடுத்தார். ஒரு லொட்ஜில் தங்கிப் பதிலுக்குக் காத்திருந்தார்.

எனக்குத்தான் மூளை இல்லாமல் போயிற்று. அப்பா படிவத்தில் எந்தப் பெயரை எழுதுவார் என்று நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

ஆவணியில் கடிதம் வந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல் சொல்லாக வாசித்தேன். விண்ணப்பித்தவரின் குடும்பப் பெயர், நான் விசாரணையில் சொன்ன தகப்பனின் பெயரோடு பொருந்தவில்லை. அவர் தன் மகள் என்று எழுதியிருக்கும் பெண்ணின் பெயரும் என்னுடையதல்ல. இவர் என் தகப்பன் என்பதற்கு ஆதாரம் தரவேண்டும், இல்லையேல் விண்ணப்பம் தள்ளுபடியாகும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை லொட்ஜுக்கு எதிரேயிருந்த கடைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அப்பா, உந்தப் பேரை ஏன் எழுதினீங்கள்?"

"என்ன கேள்வி இது? என்ரை பேரை எழுதாமல் ஆற்றை பேரை எழுதுறது?"

"நான் இஞ்சை அதைச் சொல்லேல்லை அப்பா. அப்பிடி ஒரு பேரே இல்லையெண்டு சொல்லிப்போட்டன்."



"ஏன் பிள்ளை?"

"பயத்திலை."

"சாப்பிட்டனியோ?" என்று கேட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கேள்வியில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா சத்தியக்கடதாசி முடித்து அனுப்பினார், இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆளையே குறிக்கும் என்று. ஊரில் அது போதும். ஒரு சமாதான நீதவானின் முத்திரை விழுந்தால் எங்கள் ஊரில் எதுவும் உண்மையாகிவிடும். என் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்து அனுப்பியிருந்தார். இரண்டையும் கொடுத்தேன். இவை போதா என்று பதில் வந்தது. சத்தியக்கடதாசி போன மாதம் செய்தது. சான்றிதழில் இருப்பதோ வேறு பெயருள்ள ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தை நான்தான் என்பதற்கு என்ன சாட்சி? அவர்கள் கேட்டது நியாயம். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு எஸ்பியர்க் பொலிஸ் நிலையத்துக்கு நேரில் வரும்படி எழுதியிருந்தார்கள்.

எனக்கு முன்னால் இரண்டு வழிதான் இருந்தது. உண்மையைச் சொன்னால் முதல் விசாரணையில் பொய் சொன்னேன் என்று நானே ஒப்புக்கொள்ளவேண்டும். என் அனுமதியையே பறிக்கலாம் என்று பாஷைப் பள்ளியில் இருந்த தமிழர் எல்லாரும் சொன்னார்கள். சொல்லாமல் விட்டால் அப்பா கொழும்பிலேயே கிடப்பார். அப்படியே உண்மையைச் சொன்னாலும், பழைய சாட்சி ஒன்று இல்லாமல் யார் நம்பப்போகிறார்கள்? ஒருமுறை பொய் சொன்னவள் இன்னொன்றும் சொல்லுவாள் என்றுதான் நினைப்பார்கள். கோயில் பதிவேட்டைக் கேட்டுப் பாதிரியாருக்கு எழுதினேன். பதில் இல்லை. தபால் ஓடியதோ, பாதிரியார் இருந்தாரோ, கோயில்தான் இருந்ததோ, ஒன்றும் தெரியாது.

மீன் கீறிக்கொண்டிருந்தபோதுதான் நத்தார்க் கடிதங்களின் நினைவு வந்தது. என் கையெழுத்து, என் முகம், அப்பாவின் முகம், பின்னால் முழுப் பெயர்கள். எட்டு வயதிலிருந்து பதினாறு வரை, வருடத்துக்கு ஒன்று. யாராவது எறியாமல் வைத்திருந்தால்? கத்தி வழுக்கி விரலில் பட்டது. பக்கத்தில் நின்ற டெனிஷ்காரி துணி சுற்றிவிட்டு என்னை வீட்டுக்குப் போகச் சொன்னாள். நான் வீட்டுக்குப் போகவில்லை. லொட்ஜுக்கு எதிர்க் கடைக்குத் தொலைபேசி எடுத்து, அப்பாவிடம் இங்கிலாந்து விலாசத்தைக் கேட்டேன். கொப்பியைப் பார்த்தே எழுதிப் பழகிய அவருக்கு இங்கிலாந்து என்பதைத் தவிர ஒன்றும் ஞாபகம் இல்லை. விலாசம் எழுதிய கொப்பி பூட்டிய வீட்டுக்குள் இருந்தது.

எஸ்பியர்க் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஓடும். அதனாலோ என்னவோ நகர நூலகத்தில் இங்கிலாந்தின் தொலைபேசிப் புத்தகங்களும் ஒரு தட்டு நிறைய இருந்தன. மூன்று நாள் மத்தியானம் வேலைக்குப் போகாமல் அவற்றைப் புரட்டினேன். லண்டன், இல்லை. மேற்குப் பக்கம், இல்லை. வடக்கு, இல்லை. தென்கரையில் ஒன்று இருந்தது, ஆனால் ஓர் எழுத்து வித்தியாசம். மூன்றாம் நாள், கிழக்குக் கரையின் ஒரு மெல்லிய புத்தகத்தில் அந்தப் பெயர் வரிசையாக ஒன்பது இடத்தில் இருந்தது. எங்கள் குடும்பத்துக்கு வெளியே, எங்கள் பெயர். அச்சில். ஒன்பதும் ஒரே மூலையில், ஒன்றிலிருந்து மற்றதற்குச் சைக்கிளில் போய்வரலாம். பெயர் அந்த மூலையை விட்டு அசையவே இல்லை, எங்களிடம் வந்த ஒருமுறையைத் தவிர.

மூன்று நாளாக என்னைக் கவனித்துக்கொண்டிருந்த நூலகப் பெண் வந்து எட்டிப் பார்த்தார். வயதில் என்னிலும் கொஞ்சம் மூத்தவர், கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பார். எதைத் தேடுகிறாய் என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். அவர் அதை உரக்க வாசித்தார். அப்பாவின் வாயில் மட்டும் கேட்டிருந்த பெயர் டெனிஷ் நாக்கில் கொஞ்சமும் இடறாமல் வந்தது.

"இது எங்கள் பெயரல்லவா!" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் தடித்த புத்தகமொன்றை இழுத்துக்கொண்டு வந்து விரித்தார். ஆயிரம் வருடத்துக்கு முன் டென்மார்க்கிலிருந்து படகேறிப் போனவர்கள் அந்தக் கரையில் குடியிருந்து ஊர்களுக்குப் பெயர் வைத்தார்களாம். இந்தப் பெயரில் அங்கே ஓர் ஊர் இருந்திருக்கிறது. ஊரைப் பிறகு கடல் கொண்டு போய்விட்டது. அதிலிருந்து பிழைத்து வந்தவர்கள் போன இடத்தில், இன்ன ஊர்க்காரர் என்று அழைக்கப்பட்டு, ஊர்ப் பெயரே குடும்பப் பெயராயிற்று. அந்த ஒன்பது வீடும் கடலுக்குள் போன ஊருக்குப் பக்கத்தில்தான் இன்னும் இருக்கின்றன. வரைபடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் காட்டினார். எஸ்பியர்க்கிலிருந்து பார்த்தால் நேர் எதிர்க்கரை.

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. தமிழச்சி இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று டெனிஷ்காரருக்கு நான் ஒளித்த பெயர், டெனிஷ்காரரே வைத்த பெயர். அந்த அண்ணைக்கு இதைச் சொன்னால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

அன்றே ஒன்பது கடிதம் எழுதினேன். பத்து வருடத்துக்கு முன் எறிந்த பேனையைத் திரும்ப எடுத்ததுபோல் இருந்தது. முதல் வரி பழகிய கையில் தானாகவே வந்துவிட்டது: கடவுள் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். அதை வெட்டிவிட்டு, நாங்கள் சுகமாக இல்லை என்று எழுதினேன். எங்கள் கடிதங்கள் உங்களிடம் இருந்தால் திருப்பித் தாருங்கள், வேறொன்றும் வேண்டாம் என்று முடித்தேன்.

அதன்பின் காத்திருப்புத்தான். ஒரு வாரம். இரண்டு வாரம். ஓர் உறை முகவரியாளர் காலமானார் என்ற குறிப்போடு திரும்பி வந்தது. ஒருவர் தமக்கு ஒன்றும் தெரியாது என்று இரண்டே வரியில் எழுதினார். இங்கிலாந்துக் கப்பல் வருகிற நாளில் சைக்கிளைத் துறைமுகப் பக்கம் விட்டு, அதன் வெள்ளை உடம்பு பெருத்து வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். தபால் அதில்தான் வருகிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. காற்று கண்ணைக் கரிக்கும்.

விசாரணைக்கு முந்திய ஞாயிறு அப்பாவோடு கதைத்தேன்.

"நேற்றும் பொலிஸ்காரர் லொட்ஜிலை செக் பண்ண வந்தவங்கள். பக்கத்து அறைப் பெடியனைக் கொண்டு போயிட்டாங்கள்."

"உங்களை?"

"என்ரை அடையாள அட்டையைப் பாத்தாங்கள். பேரைப் பாத்திட்டு விட்டிட்டுப் போயிட்டாங்கள்." பிறகு தணிந்த குரலில், "எத்தினை நாளைக்கு விடுவாங்களோ தெரியேல்லை, பிள்ளை. சரிவராட்டில் நான் ஊருக்குத் திரும்பிப் போறன். சாகிறதெண்டால் வீட்டிலை சாவம்" என்றார்.

அங்கே அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த பெயர்தான் இங்கே அவரைத் தடுத்துக்கொண்டிருந்தது. அதை விட்டுவிடச் சொன்னால் அங்கே பிடிப்பார்கள். வைத்திருந்தால் இங்கே விடமாட்டார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் அவரை மாட்டிவைத்தது பொலிஸும் இல்லை, யுத்தமும் இல்லை. நான்.

திங்கட்கிழமை வேலையால் வந்தபோது கதவிடுக்கில் தபாலகத் துண்டு செருகியிருந்தது. இங்கிலாந்திலிருந்து பொதி, நேரில் வந்து எடுக்கவும். மணி ஆறரை. தபாலகம் மூடியாயிற்று. மறுநாள் திறப்பது ஒன்பதுக்கு. விசாரணை ஒன்பதரைக்கு.

எட்டரைக்கே தபாலக வாசலில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு கிழவர், முத்திரையின் படம் சரியில்லை என்று வேறு முத்திரை கேட்டு நின்றார். அவர் கழுத்தை நெரிக்கலாம்போல் இருந்தது. கடைசியில் கைக்கு வந்தது ஒரு பிஸ்கட் தகரம், மண்ணிறத் தாளில் சுற்றிக் கயிறு கட்டியது. திறக்க நேரமில்லை. சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு எதிர்காற்றில் மிதித்தேன். உள்ளே கடிதங்கள் இருக்கலாம், வெறும் பிஸ்கட்டும் இருக்கலாம். தகரம் கடகடவென்று ஆடியது.

அறையில் அதிகாரி இருந்தார். நரைத்த மீசை, மேசையில் தட்டச்சு இயந்திரம். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், முதல் விசாரணைக்கு வந்த அதே தமிழர். நான் உட்காருமுன் இங்கிலீஷில், "மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்" என்றேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று கோப்பில் எழுதியிருந்தது.

"நான் போன வருடம் பொய் சொன்னேன்" என்றேன். ஒரே மூச்சில் சொல்லாவிட்டால் பிறகு சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். விடுதிப் பள்ளி, பெயர் தந்தவர், கொழும்புத் தெரு, பயம், எல்லாவற்றையும் சொன்னேன். முகாமில் புத்தி சொன்னவரைப்பற்றி மட்டும் சொல்லவில்லை. பொய் சொன்ன வாய் என்னுடையது.

அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "இதற்கு என்ன ஆதாரம்?" என்றார்.

தகரத்தை மேசையில் வைத்தேன். கயிறு முடிச்சு அவிழவில்லை. அவர் மேசை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வெட்டினார்.

மூடியைத் திறந்து, அப்பா பிற்பாடு தானே எழுதிய கடிதங்களை விலக்கியதும் நான் கிடந்தேன். பதினாறு வயது, இரட்டைப் பின்னல், முகத்தில் கடுகு வெடிக்கிற கோபம். பக்கத்தில் அப்பா, கழுத்துப்பட்டியோடு. அதற்குக் கீழே பதினைந்து வயது, பதினான்கு, பதின்மூன்று. எல்லா நத்தாரும் இருந்தன. நாடாவால் வருடம் வருடமாகக் கட்டியிருந்தது. இன்னும் கீழே நான் எழுதத் தொடங்குமுன் போன கடிதங்கள், அப்பாவின் கையெழுத்து, அதற்கும் கீழே நான் கண்டிராத பழுப்புத் தாளில் பாட்டனாரின் கையெழுத்து. அதிகாரி படங்களைத் திருப்பினார். பின்னால் முழுப் பெயர்கள் இருந்தன. அப்பா அனுப்பிய கடவுச்சீட்டுப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"அந்தக் கடிதத்தின் முதல் வரியை எழுது. பார்க்காமல்."

எழுதினேன். கடவுள் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். எழுதி முடிக்கக் கண் மறைத்தது. அவர் இரண்டு தாளையும் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்து எழுத்தாகப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தாரோ, எனக்கு ஒரு வருடம்போல் இருந்தது.

தகரத்தின் அடியில் எனக்கென்று ஒரு புதிய கடிதமும் இருந்தது. அதை அவர் முன்னாலேயே வாசித்தேன், வாசித்துவிட்டு அவரிடம் கொடுத்தேன். எழுதியவர் எண்பது தாண்டிய ஒரு பெண்மணி. ஒவ்வொரு நத்தாருக்கும் எங்கள் கடிதத்தை மேசையில் உரக்க வாசிப்பார்களாம், முன்பு அவரது மாமா, பிறகு அவரும் தங்கையும். நான் எழுதுவது நின்ற வருடம், அந்தப் பெண்ணுக்கு என்னவாயிற்றோ என்று கவலைப்பட்டார்களாம். "நாங்கள் ஒருமுறையும் பதில் எழுதவில்லை. எழுதினால் நீங்கள் எதையாவது கேட்பீர்கள் என்று பயந்தோம். இப்போது கேட்டுவிட்டாய். கேட்டது உன் சொந்தக் கடிதங்களை மட்டும்தான். எனக்கு வெட்கமாயிருக்கிறது" என்று எழுதியிருந்தார். கடைசியில் இப்படி இருந்தது: இந்த வீடுகளில் ஒன்றிலும் பிள்ளைகள் இல்லை. எங்களுக்குப் பிறகு இந்தப் பெயர் கல்லறைத் தோட்டத்திலும் உங்களிடமும்தான் இருக்கும்.

அதிகாரி கடிதத்தை மடித்து வைத்தார். ஒற்றை விரலால் தட்டச்சு செய்தார். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டியபோது, எந்தப் பெயரில் போடுவது என்று கேட்டேன். "இதுவரை போட்ட பெயரிலேயே போடு. இன்றைக்கு இது போதும்" என்றார். என் அனுமதியைப்பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அதை முடிவு செய்வது தான் இல்லை என்றார்.

ஐந்து வாரம் கழித்து ஒரே நாளில் இரண்டு உறை வந்தன. எதை முதலில் திறப்பது என்று தெரியாமல் இரண்டையும் மேசையில் வைத்துவிட்டுச் சோறு வடித்தேன். ஒன்றில் எனக்கு எச்சரிக்கை, அனுமதியில் கை வைக்கவில்லை. மற்றதில் அப்பாவுக்கு விசா. சோறு அடிப்பிடித்த மணம் வரும்வரை நான் நாற்காலியை விட்டு எழும்பவில்லை.

நத்தாருக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அப்பா எஸ்பியர்க் ரயில் நிலையத்தில் இறங்கினார். நான் கொடுத்தனுப்பிய கோட்டுக்குள் பாதி ஆளாக இருந்தார். வழி முழுக்க லொட்ஜைப்பற்றியும் விமானச் சாப்பாட்டைப்பற்றியும் கதைத்தார். பெயரைப்பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. வீட்டுக்குப் போனபின் கேட்பார், கேட்கட்டும், காலில் விழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு படியேறினேன்.

கதவடியில் நின்றார். சட்டைப்பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டார். பித்தளைத் தகட்டைக் கிட்டப் போய் வாசித்தார். எனக்குத் திறப்பு துவாரத்துக்குள் போகவில்லை.

"அப்பா, அந்தப் பேரை நான்..."

"உது என்ரை பேரெல்லே."

தகட்டின் பின்பாதியில், என் பெயருக்குப் பக்கத்தில், விரலை வைத்தார். குளிரில் நடுங்குகிற விரல்.

"மற்றது ஆரோ குடுத்த பேர், பிள்ளை. அதுக்கு நான் கடிதம் எழுதிக் கடமை தீர்த்திட்டன். இது என்ரை அப்பு எனக்கு வைச்ச பேர். இதைத்தானே நீ கதவிலை போட்டு வைச்சிருக்கிறாய்."

ஒரு வருடத்துக்கு மேலாக அந்தக் கதவுக்கு முன்னால் நின்று, அப்பாவை மறுதலித்துவிட்டேனே என்று நான் அழுதிருக்கிறேன். தினமும் இரண்டு தரம் அவர் பெயரைத் திறந்துகொண்டு உள்ளே போயிருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் என் கையிலிருந்த திறப்பை வாங்கித் தானே துவாரத்தில் போட்டுத் திருப்பினார்.

"வா உள்ளை போவம்" என்றார், "குளிருது."